காய்ச்சல் கண்ட இயந்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு சின்னத் தண்ணீர்க் கசிவு. உலோகத்தைத் தண்ணீர் தொடும் இடத்தில் எக்ஸ்ரே பாய்ச்சி, அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்துப் பார்ப்பதுதானே என் வேலை? ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்றே இல்லாத இரும்புக் கலம், நடுவில் வெங்காயத் தோலைவிட மெல்லிய சவ்வு. சவ்வைப் பிடித்திருக்கும் திருகாணியை நான் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டேன். சவ்வு கிழிந்து தண்ணீர் கலத்துக்குள் போய்விட்டது.

பேராசிரியர் திட்டவில்லை. "பரவாயில்லம்மா, போய்த் தூங்கு" என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஈரம் போக, இயந்திரத்தை அலுமினியத் தாளால் சுற்றிச் சூடேற்றுகிறோம். "உன் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு, தாயே?" என்று மெக்கானிக் அண்ணன் கேலி செய்கிறார். நானும் சிரிக்கிறேன். மாதம் முடிவதற்குள் காயாவிட்டால் இயந்திரம் அடுத்த குழுவுக்குப் போய்விடும். கையில் முடிவுகள் இல்லாமல் என்னை இங்கே வைத்திருக்க மாட்டார்கள். அழுத்தமானியின் எண் இறங்கினால்தான் ஈரம் போகிறதென்று அர்த்தம்; அது நேற்றிலிருந்து அசையவே இல்லை. கதகதப்பாக இருக்கிறதென்று இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

போன் பேசும்போது மிக்ஸி ஓட்ட வேண்டுமென்றால் ஓட்டு. அதற்காகப் போனை வைத்துவிடாதே. அந்தச் சத்தமும் எனக்கு வேண்டும்.

மெக்கானிக் அண்ணன் கூப்பிடுகிறார், போக வேண்டும். தையல் மெஷினை என் அறைக்கு மாற்றப்போவதாகச் சொன்னாயே, இந்த மாதம் மட்டும் மாற்ற வேண்டாம், அம்மா.

உன் மகள்