வடியாத கட்டியும் கவரிங் செயினும்

ஜூன் 9, திங்கள்

தூறல். துணி காயவில்லை. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், டைரி. யாழினி இப்போதுதான் கண் அசந்தாள். ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்ததும் லீவு. காய்ச்சல் குறைவு, தொண்டை வலி அப்படியே. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி. தொட்டால் கத்துகிறாள்.

சாயங்காலம் ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து என் அப்பா வந்தார். கையில் காகிதப் பொட்டலம். ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய செயின்.

“பொன்னுக்கு வீங்கிமா இது. கழுத்துல போடு, தானா வத்திடும்.”

“அதுக்குத் தங்கம்தானப்பா போடுவாங்க. இது கவரிங்.”

“நோவுக்கு இன்னா தெரியும்? பளபளன்னு கீது, போதும்.”

காலமெல்லாம் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர் பேச்சு. யாழினி சிரித்துவிட்டாள். செயினோடுதான் தூக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா. இரத்தம் எடுத்தார்கள். சாயங்காலமே ரிசல்ட். பொன்னுக்கு வீங்கி இல்லை. இபிவி என்று ஒரு வைரஸ். எச்சிலில் பரவுமாம்.

“ஏறக்குறைய எல்லார் உடம்புலயும் இருக்கும்மா. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். பல பேருக்கு வந்ததே தெரியாது. சில பசங்களுக்கு இப்படி வீங்கும்.”

ஆன்டிபயாடிக் வேண்டாம். ஓய்வு, நிறையத் தண்ணீர். ஓட்டம், குதியாட்டம் கூடாது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துக் காட்ட வேண்டும்.

பி.எஸ்சி. படித்த புத்தி சும்மா இருக்குமா. ஃபோனில் தேடினேன். அந்த வைரஸ் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது நிணநீர்ப் புற்றுநோய். அதில் ஒரு வகை எனக்குத் தெரிந்த பெயர். ஹாட்ஜ்கின். என் பால்ய சிநேகிதி செல்விக்கு வந்தது. அதில் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்று போட்டிருந்தது.

யாழினியின் அப்பா பெங்களூர் ரயிலிலிருந்து ஃபோனில்: “ஃபோனைப் பாத்துப் பாத்து அழுவாத. டாக்டர் இன்னா சொன்னாங்க, அத்த மட்டும் சொல்லு.” பின்னால் யாரோ கன்னடத்தில் சீட்டுக்குச் சண்டை. அழவில்லை என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். பாவாடை, போர்வை எல்லாம் காய்ந்தது. யாழினி அரை இட்லி. மோர் கேட்டாள்.

நாள் முழுக்க செல்வி ஞாபகம். சின்ன வயதில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் இந்தப் பக்கம் தட்டினால் நான் அந்தப் பக்கம். ஷிஃப்ட் சங்கு ஊதினால் இரண்டு பேரும் வாசலுக்கு. கேஜில், அந்தச் சுரங்க லிஃப்டில், மேலே வந்த அப்பாக்கள் கும்பலாக நடந்து வருவார்கள், எல்லார் முகமும் ஒரே புழுதி நிறம். எங்கள் அப்பா யாரென்று நடையை வைத்துத்தான் சொல்லுவோம். கம்மர்கட்டு ஒன்று, வாய் இரண்டு. மற்றப் பிள்ளைகள் சட்டைத் துணியில் சுற்றி காக்கா கடி கடிப்பார்கள். செல்விக்குத் துணியெல்லாம் கிடையாது. “நம்மளுக்குள்ள இன்னாடி எச்சில்?”

தங்கம் தோண்டிய லைனில், எனக்குத் தெரிந்து, தங்கச் செயின் ஒன்றே ஒன்று. செல்வியின் அம்மாவுடையது. எந்தப் பிள்ளைக்குக் கழுத்து வீங்கினாலும் அது அந்த வீட்டுக்குப் போகும். ஒரு தடவை எனக்கும் அவளுக்கும் சேர்ந்தே வீங்கியது. காலையில் அவள் கழுத்தில், மத்தியானத்துக்கு மேல் என் கழுத்தில். என்ன பவிசு. அது பொன்னுக்கு வீங்கியா, இந்த வைரஸா, யாருக்குத் தெரியும்.

காலேஜில் மறுபடி அவளுக்குக் கட்டி. மறுபடி அதே செயின். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வரை. அப்புறம்தான் வேலூர் ஆஸ்பத்திரி. முடி கொட்டி, சுருட்டையாக முளைத்தது. இப்போது ஓசூரில், இரண்டு பையன்கள், குரலில் அதே அதட்டல். கட்டி வலித்ததா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மேகமூட்டம். மறுபடி டாக்டரம்மா. இடது பக்கம் நன்றாக வடிந்திருக்கிறது. வலது பக்கம் அப்படியே. முன்பு தொட்டால் கத்தியவள் இன்று அமுக்கியும் வலிக்கலை என்றாள்.

புற்றுநோயைப் பற்றிக் கேட்டே விட்டேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “அந்த வைரஸ் வெள்ளை அணுவுக்குள்ள போய் ஆயுசுக்கும் தூங்கும். எங்கயோ ஒருத்தருக்கு, அந்த அணு கட்டுமீறிப் பெருகுறதுல அதுக்கும் பங்கு இருக்கு. அது மட்டுமே காரணம் இல்ல. இன்னாருக்குன்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.”

“என்கிட்டேயிருந்துதான் வந்துச்சா? ஊதி ஊதி, ருசி பாத்துதான் ஊட்டினேன்.”

“எங்கம்மாவும் எனக்கு அப்படித்தான் ஊட்டினாங்க. அதுக்குன்னு பட்டினியா போட முடியும்?”

இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், ஸ்கேன் எடுப்போம், அப்பவும் குறையலைன்னா ஊசி குத்தி சோதனை. அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். சொன்னேன். யாழினி கழுத்திலிருந்து செயினைக் கழற்றினார்.

“தாத்தா, என் செயின்.”

“வெளிய போகச்சொல்ல போட்டுக்கோ கண்ணு. நோவுக்கு வேணாம்.” என்னிடம் திரும்பி, “அந்தப் பொண்ணு செல்விக்கும் இப்டி செயின மாட்டிவுட்டுதான வத்திடும், வத்திடும்னு ஒக்காந்துனு இருந்தோம். டாக்டரம்மா ஊசின்னா ஊசி. நானும் வரேன்.”

அவர் போன பிறகு செல்விக்கு அனுப்பியது, இங்கேயும்:

செல்வி, யாழினிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வடியவில்லை. அமுக்கினால் வலிக்கலை என்கிறாள். காலேஜில் உனக்கு வந்தது ஆரம்பத்தில் வலித்ததா, இல்லையா? எனக்காக மாற்றிச் சொல்லாதே, எப்படி இருந்ததோ அப்படியே சொல்லு. பார்த்ததும் பதில் போடு.