சோலம்மா எழுதிய பொய்

2005 செப்டம்பர் 6
பறங்கி அம்மா குவெண்டலின் நோனா வீட்டில் சமைக்க வந்து ஒரு மாதம். மேலறையில் பிரான்சுக்காரி ஒருத்தி இருக்கிறா. கதைப்புத்தகம் எழுதுகிறாவாம். பெயர் சொலாஞ். என் வாயில் அது சோலம்மா. காலையிலிருந்து பகல் சோறு வரை குந்தியிருந்து நாலு வரி எழுதினா. பிறகு மூன்றை வெட்டினா. அதற்குள் நான் ரெண்டு கறியும் ஒரு சொதியும் வைத்துவிட்டேன். ஒன்றையும் வெட்டவில்லை.

செப்டம்பர் 19
சோலம்மாவுக்கு மூன்று புருசன்மாராம். மூவரும் உயிரோடு. எனக்கு ஒருவர்தான், அவரையும் கடல் எடுத்தது. நோனா இதை இங்கிலீசில் சொல்ல, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சோலம்மா மூக்கைச் சிந்தினா.

ஒக்டோபர் 2
சோலம்மா என்னிடம் தமிழ் படிக்கிறா. இந்தக் கொப்பியும் போன மாதம் அவ தந்ததுதான். நானும் எழுதவேணுமாம். அஞ்சாம் வகுப்புக்காரிக்கு வந்த வேலை!

டிசம்பர் 26
கடல் வந்து வருசம் ஒன்று.
கடற்கரைக்குப் புறப்பட்ட சோலம்மா, "போறன், சீதேவி" என்றா. அகப்பையைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "போறன் எண்டு சொல்லப்படா கா! வாறன் எண்டு சொல்லுங்க!"
ஏன் கத்தினேன் என்று சொல்லவேண்டி வந்தது. யாருக்கும் சொல்லாததை. கடல் வந்த அன்று காலை என் புருசன் இன்னொரு குடையையும் தொலைத்துவிட்டு வந்து நின்றார். ஏசினேன். "போறன்" எண்டுட்டு கரைவலை இழுக்கப் போனார். நான் திரும்பியும் பாக்கல்ல. ஒரு சொல்லு சொல்லல்ல— ஒரு குடைக்காகவா?
சோலம்மா எழுதவில்லை. பேனையை மூடிவைத்தா.

2006 நவம்பர் 9
வாகரைப் பக்கம் ஷெல் சத்தம். வெளிநாட்டார் எல்லாரும் போகிறார்கள். சோலம்மா வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்று, "வாறன்" என்றா. குடையை மறந்துவிட்டுப் போய்விட்டா.

2009 மே 20
சண்டை முடிந்ததாம். தெருவில் வெடி கொளுத்திக் கொண்டாடுகிறார்கள். நோனா கதவைச் சாத்தினா.

யூலை 11
தபாலில் சோலம்மாவின் புத்தகம். எல்லாம் பிரெஞ்சு. கூடவே நோனாவுக்கு இங்கிலீசில் கடிதம். நோனா வாசித்துச் சொன்னா. கதையில் ஒருவர் குடையைத் தொலைக்கிறார், பெண்சாதி ஏசுகிறா, அவர் கடலுக்குப் போகிறார். போகும்போது சொல்வது மட்டும் தமிழ், இங்கிலீசு எழுத்தில். நோனா என் விரலைப் பிடித்து அதில் வைத்தா. வாறன்.
"பொய்க்காரி! அவர் அப்பிடிச் சொல்லல்ல நோனா."
"கதைதானே கா. அவ வெட்டாம விட்ட வரி."
"பெண்சாதி என்ன சொல்றாவாம்?"
"ஒண்டுமில்ல. கீழ வெறும் இடம்தான் கிடக்கு."
பென்சிலை எடுத்து அந்த இடத்தில் எழுதினேன்.
ஓம், கெதியா வாங்க. குடை இஞ்ச கிடக்கு.