புற்றுக்குக் கட்டிய மஞ்சள் துணி

இன்று காலை கோவிலில் கொடுத்த புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் உம் நினைவு வந்துவிட்டது. அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு ஒரு மனிதன் மேல் கோபப்படலாமா என்று தெரியவில்லை. நான் பட்டேன். நீர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் நம் நகருக்குக் கல் ஊன்றினார்கள். ஊருக்குக் கிழக்கே, சரிவான செவக்காட்டில் முப்பது மனைகள். மழைத்தண்ணீரும் வீட்டுச் சாக்கடையும் வாய்க்கால் வழியே இறங்கி நிற்பதற்கு, பள்ளத்து மூலையில் ஒரு சின்னக் குளம் வெட்டியிருந்தார்கள். எனக்கு அமைந்தது குளத்தை ஒட்டிய கடைசி மனை. வேண்டாம் என்று திரும்பி நடந்தவனைக் கையைப் பிடித்து நிறுத்தியது நீர்தான். "குளம் கிடக்குத வரைக்கும் உம்ம வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராதுவே. நான் சொல்லுதேன்லா, தைரியமா வீட்டுக்கு வானம் தோண்டும்" என்றீர். நீர் ஓவர்சியர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவர். உம் வாக்கை நம்பித்தான் அஸ்திவாரம் போட்டேன்.

நாலு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. புரட்டாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்துவிட வேண்டும் என்பது நீர் போட்ட சட்டம். குளத்துக்குள் ஒரு கல்லை நட்டு, அடியில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருந்தீர். அந்தப் பட்டை கண்ணில் படும்வரை வண்டல் அள்ள வேண்டும். பேங்க்காரரும் வாத்தியாரும் இடுப்புப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "சோறு மட்டும் கல்லு கணக்கா இறங்குதுல்லா, எந்திரியும்" என்று விரட்டுவீர். வாய்க்கால் குளத்தில் சேரும் வாய்ப்பக்கம் மட்டும் யாரையும் நம்பமாட்டீர். நீரே இறங்கி வெட்டுவீர். "வயிறு எம்புட்டுப் பெருசா இருந்து என்னவே, வாயை அடைச்சிட்டா சோலி முடிஞ்சு" என்பீர்.

அந்த வாயிலேதான் ஐந்தாம் வருஷம் புற்று கிளம்பியது. முழங்கால் உயரம்கூட இல்லை. "ரெண்டு அடி தள்ளி வேற வாய் வெட்டிருவோம், இது ஒரு காரியமா" என்று புதன்கிழமை என்னிடம் சொன்னீர். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போனால், புற்றுக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, ஒரு முட்டையும் வைத்திருக்கிறது. நம் ஊரில் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யார் மண்வெட்டியை ஓங்குவான்? முதலில் செருப்பைக் கழற்றியவர் நீர். நானும் கழற்றினேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்று யாரும் ஒரு கூடை மண் அள்ளவில்லை. வேறு வாய் வெட்டும் பேச்சை எடுத்தபோதெல்லாம், "அம்மா குடியிருக்க இடத்துல எதுக்குவே கடப்பாரைச் சத்தம்" என்று அடக்கிவிட்டீர்.

துணி கட்டியது யார் என்று குழாயடியில் உம் வீட்டம்மாதான் என் மனைவியிடம் சொன்னாள். "எங்க வீட்ல அவுகதான் விடிய முன்ன போயிக் கட்டிட்டு வந்தாக. அம்மா கனவுல வந்தாளாம்." நான் அதையும் நம்பினேன். கனவில் அம்மன் வந்தால் ஓவர்சியர் என்ன செய்வார் என்று உமக்காக வீட்டில் வாதாடினேன்.

இரண்டு வருஷத்தில் குளம் தூர்ந்து கருவேல முள் அடைந்தது. நகர் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நீர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்: இந்தக் குளத்துக்குத் தண்ணீர் வரத்து இல்லை, மூடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. யாருக்கும் என்றால் நானும்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்டீரா? அடுத்த மாதம் லாரி லாரியாக மண் வந்து இறங்கியது. குளம் உம் மச்சினனுக்கு மனையாயிற்று. மண்வெட்டி தொடக்கூடாத புற்றை லாரி மண் மூடியபோது மட்டும் உமக்கு எந்தக் கனவும் வரவில்லை.

அந்தக் கார்த்திகையிலேயே பெய்தது. நான் வேலைக்குக் கடையநல்லூர் போயிருந்தேன். மனைவி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டில். இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்த என் அம்மா மட்டும்தான் வீட்டில். பஸ் நின்று, முட்டளவுத் தண்ணீரில் நடந்து மத்தியானம் வந்து சேர்ந்தால், நம் நகர்ச் சாக்கடை அத்தனையும் என் அடுப்படியில் நிற்கிறது. கட்டிலில் அம்மா இல்லை. கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். உம் மாடியிலிருந்து உம் வீட்டம்மா கையை ஆட்டினாள். மேலே அம்மா உலர்ந்த சேலை கட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நீர் அவளை முதுகில் சுமந்து வந்திருக்கிறீர். உம் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "இவனும் நான் பெத்த மவன்தான்லே, இவன் இல்லைன்னா இன்னைக்கு நான் போயிருப்பேன்" என்றாள்.

நீர் என்னைப் பார்த்தீர். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப உபகாரம், அண்ணாச்சி" என்றேன். எட்டு வருஷமாக 'வே' போட்டுத்தான் பேசினோம். அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் நீர் தலையைக் குனிந்துகொண்டீர். அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை.

வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்தோம். அம்மா மூன்று வருஷம் இருந்தாள். விளக்கேற்றும்போதெல்லாம் உம் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கும்பிடுவாள். "அவனைப் போய்ப் பாத்தியாலே?" என்பாள். பார்த்தேன் என்பேன். "என்னைக் கேட்டானா?" கேட்டார் என்பேன். நீர் அனுப்பியதாகச் சொல்லிக் கடையில் அல்வா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். சொல்லவில்லை. உம்மை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே அவள் கண்ணை மூடினாள். நட்புக்காக உமக்கு நான் செய்த கடைசிக் காரியம் அது. நீர் அதற்குத் தகுதியானவர் இல்லை.