செல்விக்கு வைத்த தண்ணீர்

புரட்டாசி 20, திங்கள்

வெயில். மேகம் வந்து வந்து ஏமாற்றுகிறது.

இன்று பைப்பு மாட்டும்போது இருந்தவர்கள்: நான். கொழுந்தன் பெண்டாட்டி பாப்பாயி. அவளுடைய கோழிகள். சோளக்காடு ஊரிலிருந்து வந்த பைப்புக்கார முருகேசன். கீழே ஏணியைப் பிடித்தபடி எங்கள் ஊட்டுக்காரர். (அவர் பெயரை நான் சொல்வதில்லை. எழுதுவதும் இல்லை.)

மாடி இரண்டு வீட்டுக்கும் பொது. தொட்டி என் பக்கம். யோசனை மகள் செல்வியுடையது. சேலத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் மாடி மழை பூராவும் தொட்டிக்குப் போகிறதாம். குளியல், துணி எல்லாம் அதில்தான். இங்கே மலையில் அத்தனை மழையும் ஓடைக்கு. குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது.

மார்கழியில் அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான். பிள்ளை பெற்றவளைத் தண்ணீர் இல்லாத வீட்டில் படுக்க வைக்க முடியுமா.

முருகேசன்: "மொத மழைய உள்ள உட்றாதீங்க அம்மாயி. மாடி அழுக்குப் பூராவும் எறங்கும். கீழ இருக்கற மூடியத் தெறந்து வெளிய உட்ருங்க. தெளிஞ்சாப்புல மூடிக்கலாம்."

கோழியை மாடியில் விடாதே என்றேன். பாப்பாயி: "இருந்தா என்னாங்க்கா, மழை கழுவீருமுங்க." கழுவி எங்கே போகும்? மூத்தவள் வசந்தாவின் சீருக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, "கொழம்பு தண்ணியாட்ட இருக்குது" என்றவள் இவள். மறக்கவில்லை.

22, புதன்

தொட்டிக்குள் இறங்கிச் சுவர் தேய்த்தேன். மேலே மாடியையும் தேய்த்தேன். முட்டி போயிற்று. வாங்க: தைலம், கரி, துடைப்பம், வடிகட்டத் துணி.

அவர் ஏணியைப் பிடித்தார். பேச்சே இல்லை.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"ஒண்ணுமில்ல புள்ள. பாத்து எறங்கு."

25, சனி

சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்றுவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். மழை. முதல் மழை! வீட்டில் பைப்பு மூடி திறக்காமல் கிடக்கிறது. கோழி எச்சம் பூராவும் தொட்டிக்குள். பஸ் வரவில்லை. நின்ற இடத்திலேயே அழுகை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர். தெளிவு. மோந்து பார்த்தேன், நாற்றம் இல்லை. யாரோ திறந்துவிட்டு, பிறகு மூடியிருக்கிறார்கள். அவராகத்தான் இருக்கும். இரண்டு தோசை கூட வைத்தேன். இரண்டையும் சாப்பிட்டார்.

26, ஞாயிறு

தூறல்.

காலையில் செல்வி போன். "அம்மா, நான் இங்கயே பாத்துக்கறேன். அங்க தண்ணியில்லாம நீ சிரமப்படுவ."

"தண்ணியில்லேன்னு யாரு கண்ணு சொன்னா? தொட்டி பாதிக்கு மேல நிக்குது."

"...அவரு சொன்னாரும்மா."

மாப்பிள்ளைக்கு யார் சொன்னது? நேராகப் பாப்பாயி வாசலுக்குப் போனேன். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். குழம்புப் பேச்சையும் சேர்த்து.

அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "உங்க மாப்ள நெம்பரு எங்கிட்ட ஏதுங்க்கா? நேத்து மழையில நனைஞ்சுக்கிட்டு அந்த மூடியத் தெறந்தவளே நாந்தானுங்க. எங்கோழி பேண்டதுல எம்புள்ள மாதிரி இருக்கறவ குளிக்கோணுமா?"

வீட்டுக்குத் திரும்பினேன்.

மாப்பிள்ளைக்கே போன் போட்டேன். நல்ல பையன், பொய் வராது. "மாமாதானுங்க அத்தை சொன்னாரு. ஆவணியிலயே. மலையில தண்ணியே இல்லீங்க மாப்ள, அங்கயே பாத்துக்குங்கன்னு."

ஆவணியிலேயே. பைப்பு மாட்டும் முன்பே.

கேட்டேன். அவர் துண்டைக் கையில் முறுக்கினார். "மலைப் பாதையில அத்தன வளைவு புள்ள. ராத்திரி வலி கண்டா? வசந்தாவ மறந்துட்டியா?"

நானா மறப்பேன். மலை இறங்கும்போதே ஜீப்பில் வலி வந்து, என் மடியிலேயே உயிர் போன மகள். முன் சீட்டில் அவர். திரும்பியே பார்க்கவில்லை.

பயம் என்று சொல்லியிருந்தால் நானே செல்வியை அங்கே இரு என்றிருப்பேன். பழியைத் தண்ணீர் மேல் போட்டார். அதைக்கூட விடலாம். பாப்பாயியின் குழம்புப் பேச்சை இன்றோடு விட்டேன். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு, நான் தொட்டிக்குள் முட்டி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, மேலே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாரே. தோசையும் தின்றாரே.

மழை வலுக்கிறது. தொட்டி நிறைந்து வெளியே வழிகிறது. பைப்பு மூடியைத் திறந்துவிடப் போகவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயர். இன்று எழுதுகிறேன். மன்னிக்க மாட்டேன்.

சடையன்.