கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மூலை

ஜனவரி 20, செவ்வாய்.

வெளிநாட்டில் என்னிடம் காப்பி வாங்குகிறவர்கள், நான் கொள்முதல் செய்யும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வரைபடம் கேட்கிறார்கள். காட்டை அழித்துப் போட்ட தோட்டமாக இருக்கக் கூடாதாம். அதற்காகத்தான் ஐம்பத்திரண்டு வயதில் ஞாயிறுதோறும் சேலம் போய் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். படிக்கிறேன்.

இன்று தலைச்சோலை சின்னப்பொண்ணு அக்காவின் தோட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். போன வாரம் அவரே என் போனை வாங்கிக்கொண்டு எல்லை சுற்றி நடந்து, மூலைக்கு மூலை புள்ளி வைத்தார். அதன்மேல் வனத்துறையின் எல்லைக்கோட்டைப் போட்டதும் இரண்டு மூலை காட்டுக்குள் கிடக்கிறது.

சேலம் வகுப்பு வாத்தியாருக்குப் போன் போட்டேன். "அது பழைய காகிதப் படத்தைப் பார்த்து வரைஞ்ச கோடுங்க, தள்ளியும் இருக்கலாம். அதுக்காக உங்க புள்ளியை நகர்த்திராதீங்க," என்றார். அதற்குள் ஒன்றை நகர்த்திப் பார்த்திருந்தேன். சுலபமாகத்தான் நகர்ந்தது. பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

இப்படியே அனுப்பினால் அக்கா காட்டை ஆக்கிரமித்தவர் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அனுப்பாவிட்டால் அவர் காப்பியை நான் வாங்க முடியாது.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, என்ற தோட்டம் படத்துல வந்துருச்சுங்களா? அந்த நட நடந்தேனே, நானும் தெரியறனுங்களா?"

"தோட்டம் வந்துருச்சுங்கக்கா."

"அப்பச் செரி. கொட்டச்சேடு ஊர் யாவாரி வந்தாருங்க. காப்பியெல்லாம் நம்ம தம்பிக்குத்தான்னு திருப்பித் தாட்டியுட்டுட்டேன்."

இருபது வருடமாக அந்த ஆளுக்கு ஒரு மூட்டைகூட நான் விட்டுக்கொடுத்ததில்லை. படம் கேட்காமல் வாங்குகிறவன் அவன்தான். நாளை நானே அவனைக் கூப்பிட்டு, அக்கா தோட்டத்துக்கு மறுபடியும் போகச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான்.