பெஞ்சுக்கு அடியில் எடுத்த மண்

அன்புள்ள மனைவிக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கச் சோம்பல்படாதே.

இங்கே பழைய டிவி, கம்ப்யூட்டர் உடைக்கும் அதே வேலைதான். போன வாரம் தக்காளி வைக்க ஆசைப்பட்டு, காலி டிவிக் கூடு ஒன்றில் என் பெஞ்சுக்கு அடியிலிருந்த மண்ணை நிரப்பினேன். குழாயடியில் பிடித்த மண்புழுக்களையும் விட்டேன். ஒன்றுகூட உள்ளே தங்கவில்லை. மேலே வந்து சுருண்டு செத்தன.

மண் சோதிக்க வந்த பெண் அதைப் பார்த்தாள். “இந்த மண்ணுல ஈயம் இருக்குங்க ஐயா. பிளாஸ்டிக் தீப்பிடிக்காம இருக்கக் கலக்குற மருந்தும் தூளா விழுந்திருக்கு. ஒண்ணு மட்டும்னா புழு கொஞ்சம் தாங்கும். ரெண்டும் சேர்ந்தா தாங்காது.”

“படிச்சவங்களுக்குப் பயமுறுத்தத்தான் தெரியும்” என்று எரிந்து விழுந்தேன். எத்தனை வருஷமாக அங்கே உட்காருகிறேன் என்று மட்டும் கேட்டாள்.

முதலாளியிடம் வேறு இடம் கேட்டேன். “என்ன பெருசு, இனி புழுவுக்கும் லீவு கேப்பியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கப்போவதில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. இந்த இருமல் வெறும் சளிதான். ஆனால் நம் கடைக்குட்டிக்காகப் பக்கத்து பெஞ்சைக் கேட்டு வைத்திருந்தேனே, அது வேண்டாம். அவன் கோபித்தாலும் சரி, நீ அழுதாலும் சரி, அவன் இங்கே வரக்கூடாது.

மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய புடவையில் இரண்டு துண்டு கிழித்து அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சங்கு ஊதிவிட்டது, பெஞ்சுக்குப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்