மாடிக்கு எட்டாத வைஃபை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மூன்றரைக்கு நெட் போயிற்று. நாலேகாலுக்கு வந்தது. போன வாரம் முழுக்க இதே கதை. அலுவலகங்கள்கூட இவ்வளவு நேரம் தவறாமல் கதவைச் சாத்துவதில்லை.

வேறு வீட்டில் இது வெறும் எரிச்சல். எங்கள் வீட்டில் அம்மா பேசுவதே வைஃபையில்தான். குரல்வளையை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. மாடியில் படுத்தபடி போனில் தட்டுவாள். கீழே ஜெராக்ஸ் கடையில் இருக்கும் அப்பாவுக்கும், அடுத்த அறையில் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் எனக்கும் வந்து விழும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அப்பாவுக்கு அனுப்பிய முதல் செய்தி: "வாய் போச்சு, நிம்மதின்னு நெனச்சீங்களா?"

போனில் சிம் கிடையாது. பேச முடியாதவளுக்கு சிம் எதுக்கு என்று அவளே கழற்றிவிட்டாள். நான் வாங்கித் தந்த சிலேட்டில் "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 6, வியாழன்

ரௌட்டர் கடையில், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. அணைத்தேன், பத்து எண்ணினேன், போட்டேன். உலகத்தில் எல்லாக் கோளாறுக்கும் இதுதான் முதல் வைத்தியமாம். எல்லாவற்றுக்கும் என்றால் எல்லாவற்றுக்கும் இல்லை.

3.32க்குப் போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

கடை விடுமுறை. அப்பா வீட்டில். நெட் நாள் முழுக்க இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் கோளாறை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

ரௌட்டரை மாடிப்படி அலமாரியில் வைக்கலாம் என்றேன். அப்பா பாய்ந்து வந்தார்.

"அது இங்கேயே இருக்கட்டும் பாப்பா. அங்க வச்சா எட்டாது."

"யாருக்கு எட்டாது?"

"சிக்னலுக்கு."

சிக்னலுக்குக் கை இருப்பது எனக்குத் தெரியாது.

மார்ச் 12, புதன்

பெரிய டாக்டர் இனி வர வேண்டாம் என்றார். "வீட்லயே வச்சு நல்லா பாத்துக்குங்க." அம்மா அவருக்குக் கும்பிடு போட்டாள். வண்டியில் வரும்போது எனக்கு ஒரு செய்தி தட்டி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து நெட் கிடைத்த பிறகுதான் வந்தது: "நீ அழாம ரோட்டப் பாத்து ஓட்டு."

மார்ச் 13, வியாழன்

மூன்றரை. கீழே அச்சுக்குக் காத்திருந்த யாரோ கத்தினார்கள். அப்பா அவர்களை அப்படியே விட்டுவிட்டு, "நெட் போச்சு" என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்தார். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பாதத்தைப் பிடித்துவிட்டார். நாலேகாலுக்கு இறங்கிப் போனார். அவர் கீழே போய்ச் சேர்ந்ததும் நெட் வந்தது.

நெட் கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

வந்தவர் ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு, தன் போனில் எதையோ புரட்டினார். அப்பா பேப்பர் வாங்கப் போயிருந்தார்.

"அக்கா, லைன் பளிச்சுனு இருக்கு. எங்க பதிவுல பாருங்க. தினம் ஒரே நேரத்துல பெட்டியே செத்துப் போகுது. யாரோ சுவிட்ச்ச அணைக்கிறாங்க."

"இங்க யாரு அணைப்பா?"

"அத நான் சொன்னா குடும்பத்துல சண்டை வரும்" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

பிழை கண்டுபிடித்துப் பிழைக்கிறவள் நான்.

கடை சாத்தும்வரை காத்திருந்து கேட்டேன். அப்பா மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டே "ஆமா" என்றார்.

"ஏம்ப்பா? அதுதான்ப்பா அவ வாய். வாயப் பொத்தற மாதிரி இல்ல?"

"மூணரைக்குக் கடை ஓயும்னு அவளுக்குத் தெரியும். அப்பப் பாத்து ஆரம்பிப்பா. 'நான் போனப்பறம்'னு மொத வரி வரும். நான் போனப்பறம் கம்மல பாப்பாகிட்ட குடுங்க, உங்க அக்கா கேட்டா குடுக்காதீங்க. நான் போனப்பறம் கேஸ் அடுப்ப மூடிட்டுப் படுங்க. என்னால முடியல. அணைச்சிடுவேன்."

"நெட் வந்ததும் எல்லாம் வந்துடுமே."

"வரும். படிக்காமயே அழிச்சிடுவேன்."

படிக்காமலே வெட்டுகிறவரை எங்கள் தொழிலில் பதிப்பாசிரியர் என்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"அணைச்சிருக்கற நேரத்துல அவளுக்குத் தண்ணி வேணும்னா? அதான் மேல போய் உக்காந்துக்கறேன்" என்றார். அவர் கை பேப்பர் கட்டின் மேலேயே இருந்தது.

அம்மா கடைசியாகச் சொல்ல வேண்டியதை எல்லாம் இந்த மனுஷன் அழிச்சுட்டாரே. திட்டணும். எப்படித் திட்டறது?

மார்ச் 16, ஞாயிறு

ரௌட்டரை என் அறைக்குக் கொண்டுவந்தேன். "சரி பண்ணிட்டேன். இனிமே போகாது" என்றேன் அம்மாவிடம்.

பதில் உடனே வந்தது. "எடுத்த எடத்துல வை."

"ஏன்?"

"அவர்தான் அணைக்கிறார்னு மொத நாளே தெரியும். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, நெட் மட்டும் மணி பாத்துப் போகுமா? ஏமாற நான் என்ன உன்ன மாதிரி படிச்சவளா?"

"அப்புறம் ஏம்மா எழுதறே?"

வெகுநேரம் தட்டினாள். நடுவில் இரண்டு முறை போனை மார்பில் வைத்து மூச்சு வாங்கினாள்.

"கல்யாணம் ஆகி நாப்பத்தி மூணு வருஷம். பகல்ல ஒரு நாள் கடைய விட்டு மேல வந்திருப்பாரா? கூப்பிட்டா வர மாட்டார். சாகறேன்னா ஓடி வர்றார். முக்கா மணி நேரம் பக்கத்துல இருக்கார். கெடுத்துடாத."

"கம்மல்?"

"உன் பீரோல தலகாணி உறைக்கு அடியில வச்சு மூணு மாசம் ஆச்சு. துணி மடிச்சு வைக்கற லட்சணம் அப்படி."

பார்த்தேன். இருந்தது.

மார்ச் 17, திங்கள்

ரௌட்டர் பழைய இடத்தில். மூன்றரைக்குப் போயிற்று. கம்பெனிக்காரர் போன் செய்து கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 26, புதன்

அம்மாவின் விரல் ஓய்ந்துவிட்டது. இன்று "நா போ" வரைக்கும்தான் வந்ததாம். அதற்கே அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

ஏப்ரல் 2, புதன்

காலையிலிருந்து யாருக்கும் ஒரு செய்தியும் இல்லை. போன் அவள் கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எடுக்கவில்லை. கண் மட்டும் கதவுப் பக்கம்.

மூன்றரை. மூன்று முப்பத்தைந்து. நெட் இருந்தது.

கீழே போனேன். அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுத்து வந்தால்தானே அணைக்கலாம், அணைத்தால்தானே ஏறலாம்? சும்மா ஏறிப் போய்ப் பழக்கம் இல்லாத மனுஷர்.

அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி சுவிட்சை அணைத்தேன்.

"நெட் போச்சுப்பா."

என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று. நாலு மணிக்கு. அப்பா பக்கத்தில் இருந்தார்.

மே 5, திங்கள்

மார்ச்சில் கொடுத்த புகாருக்கு இன்று விசாரிப்பு. ஒரு பெண் குரல்.

"மேடம், இப்ப கனெக்‌ஷன் எப்படி இருக்கு? நடுவுல கட் ஆகுதா?"

"இல்லம்மா. ஒரு மாசமா ஒரு தடவகூட ஆகல."

"ரொம்ப சந்தோஷம் மேடம். பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

பத்து என்றேன்.

மணி மூன்று நாற்பது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. யாரோ நிறையப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.